வீட்டுக்கு ஓர் ஆள்

அப்பா இல்லாமல் ஒரு சாமை அறுவடை முடிந்துவிட்டது. முதலாண்டு நினைவு நாளுக்கு மலையேறி வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கையில் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிட வேண்டும் என்று தம்பி சொன்னான். எழுதும் வேலை என்னிடம் வந்தது. குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அப்பாவின் உடன்பிறந்த சித்தப்பா முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். “நல்லத மட்டும் எழுதும்மா. கோர்ட்டு, ஜெயிலு எல்லாம் எதுக்கு? நாலு பேரு படிக்கிறது.” என் கணவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். அவர் கலசப்பாக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். மலர் அவருடைய அலுவலகத்துக்கும் போகும். அவர் சொன்னதில் தவறில்லை.

அவர்கள் சொன்னபடியே ஒரு முறை எழுதிப் பார்த்தேன். பிறந்தார், உழைத்தார், பிள்ளைகளை வளர்த்தார், மறைந்தார். வாசித்துப் பார்த்தால் அது யாருடைய அப்பாவாகவும் இருக்கலாம். என் பிள்ளைக்கு அன்று காய்ச்சல். அவன் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுவது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதுதான் அப்பா.

அப்பா பிறந்தது நெல்லிவாசல்நாட்டில், பதினான்கு வீடுகள் உள்ள எங்கள் ஊரில். அவருடைய தந்தையார் புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அப்பாவுக்கு மீசை அரும்பவில்லை. சரிவில் கொஞ்சம் கொல்லை நிலம், நடக்கப் பழகாத ஒரு தம்பி, வீட்டுக் கூரையில் செருகியிருந்த ஒரு நாட்டுத் துப்பாக்கி, இவை மூன்றும் அவர் பொறுப்புக்கு வந்தன. காட்டில் மூங்கில் வெட்டும் கூப்புகளில் கூலிக்குப் போனார். புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரச் சந்தைக்கு இறங்கினார். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சொன்னார். இதைச் சித்தப்பாவே பலமுறை சொல்லி அழுதிருக்கிறார்.

எங்கள் ஊரின் வழக்கம் ஒன்றைக் கீழே இருந்து வருபவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் அப்பா செய்தது புரியாது.

மழையில் பாதை அறுந்து போனாலும், காட்டுத் தீ மேலேறி வந்தாலும், விளைந்த சாமையில் காட்டுப் பன்றி இறங்கினாலும், யாராவது இறந்தாலும், ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் சொல்லி அனுப்புவார்: வீட்டுக்கு ஓர் ஆள். அவ்வளவுதான் செய்தி. வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். எந்த வேலையோ அந்த வேலைக்கான கருவியைத் தானே கொண்டு வர வேண்டும். தன் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு வர வேண்டும். கூலி கேட்கக் கூடாது. ஆண் ஆள் இல்லாத வீடு ஒரு படி தானியம் கொடுத்தால் போதும். பாதை வேலைக்குக் கடப்பாரை, தீ அணைக்க அரிவாளும் பச்சைத் தழையும், பன்றிக்குத் துப்பாக்கி. வெறுங்கையோடு வந்தால் கூப்பிட்டவரை அவமதித்ததாக ஆகும். ‘வேடிக்கை பாக்க வந்தியா?’ என்று கேட்டுவிடுவார்கள்.

அந்தச் செய்தியை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் பொறுப்பு அப்பாவுடையது. வயதில் மூத்தவர் என்பதற்காக அல்ல, மூத்தவர்கள் பலர் இருந்தார்கள். அப்பா ஒருநாளும் தன் வேலையை முன்னிட்டு ஊர் வேலைக்குப் பிந்தியவர் இல்லை என்பதால் அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று “நாளைக்கு வூட்டுக்கு ஒரு ஆளுங்க” என்பார். காரணத்தைக் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் சொல்லமாட்டார். பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

வங்காள தேச யுத்தம் நடந்த ஆண்டில் எனக்கு ஒன்பது பத்து வயது. எங்கள் ஊரில் அப்போது ரேடியோ இல்லை. யுத்தம் நடப்பதை அப்பா சந்தையில்தான் கேட்டார். அன்று ஒரு ஜீப்பில் அதிகாரி ஒருவர் வந்து, ஒலிபெருக்கியில் பேசியிருக்கிறார். எதிரி எல்லையில் நிற்கிறான், நாடு உங்களைக் கூப்பிடுகிறது, வீட்டில் இருப்பதைக் கொடுங்கள், ஒவ்வொரு குடும்பமும் முன்வர வேண்டும் என்று சொன்னாராம். தங்கம் கொடுத்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள் பற்றியெல்லாம் சொன்னாராம். கூட்டம் கை தட்டியது. கை தட்டிவிட்டு மிளகாய் விலை பேசப் போய்விட்டது. அப்பா கை தட்டவில்லை. எங்கள் ஊரில் கூப்பிட்டால் கை தட்டும் வழக்கம் இல்லை.

புளி விற்ற காசுக்கு வாங்க வேண்டிய உப்பைக்கூட வாங்காமல் அன்றே மேலே வந்து ஊர்க் கவுண்டரிடம் சொன்னார். ஊர் கூடியது. பெண்களும் குழந்தைகளும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, கேள்வி கேட்டார். அவர் எதையும் இரண்டு முறை கேட்பவர்.

“எதிரி யாரு மாப்ள? நம்ம கொல்லையிலயா பூந்துட்டான்?”

“கொல்லை யாருதுன்னு கேட்டுக்கினா பன்னி வெரட்டப் போறோம், மச்சான்? கூப்டாங்க, போறோம்.”

“எங்க போவணும்னு தெரியுமா?”

“கீழ போயிக் கேட்டா சொல்லுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பெரிய சண்டை ஆயிற்றே, பன்றிக் காவலில் சுடுவது போலக் கிழங்கு சுட நேரம் கிடைக்குமா என்று கேட்டார். பிறகு, வருகிறேன் என்றார்.

மறுநாள் காலை பதின்மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கணவனை இழந்த ஒரு பெண் மட்டும் ஆள் இல்லாததால் ஒரு படி சாமை கொடுத்தனுப்பினாள். சண்டைக்குப் போகிறோம் என்பதால், துப்பாக்கி இருந்த ஆறு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். மற்றவர்கள் அரிவாளோடு வந்தார்கள். அம்மா கேழ்வரகு அடை சுட்டுத் துணியில் கட்டிக் கொடுத்தாள். எத்தனை நாளுக்குச் சுட வேண்டும் என்று அவள் கேட்டதும், சண்டை எவ்வளவு நாள் நடக்கும் என்று தெரியாமல் அப்பா யோசித்ததும் என் நினைவில் இருக்கின்றன. பத்து நாளைக்குச் சுட்டுக் கொடுத்தாள். துப்பாக்கி மருந்தை நனையாமல் இருக்கச் சுரைக்குடுக்கையில் போட்டு, அதன் வாயை அப்பா மெழுகு வைத்து அடைத்தார்.

பட்டாளம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. காக்கி உடுத்தியவர்கள் இருக்கும் இடம் ஒன்றுதான் தெரியும். அடிவாரத்துக் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

அங்கே நடந்ததை அப்பா என்னிடம் சொன்னது, எனக்குக் கல்யாணம் ஆன பிறகு. அதுவும் ஒரே ஒரு முறை. நிலையத்தில் இருந்த அதிகாரி முதலில் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் போனாராம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாராம். எல்லோருக்கும் டீ வாங்கித் தரச் சொன்னாராம். துப்பாக்கிகளைத் தாழ்வாரத்தில் வரிசையாகப் படுக்க வைக்கச் சொன்னார். பிறகு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெயர், அப்பன் பெயர், ஊர், துப்பாக்கி யாருடையது, எத்தனை வருடமாக வைத்திருக்கிறாய் என்று கேட்டு எழுதினார்.

பட்டாளத்தில் பெயர் எழுதுகிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். என்னுதுங்க, எங்க தாத்தா காலத்துலேர்ந்து கீதுங்க, இது ஒண்ணுலயே முப்பது பன்னி அடிச்சிருக்கேன்ங்க. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கைநாட்டு வைத்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் எங்கே என்று கேட்டார்.

துப்பாக்கி இல்லாதவர்களை விரட்டிவிட்டார்கள். துப்பாக்கி கொண்டுபோன ஆறு பேரை ரிமாண்டில் வைத்தார்கள். அவர்களில் அப்பாவும் மாமாவும் இருந்தார்கள். அடை கட்டிய துணியை வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

அவர்கள் உள்ளே இருக்கும்போதே யுத்தம் முடிந்தது. வெளியே பட்டாசு வெடிக்கும் சத்தம் சப்ஜெயிலுக்குள் கேட்டிருக்கிறது. ஒரு காவலர் தட்டில் லட்டு கொண்டு வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அப்பா அதைச் சொன்ன விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

“இன்னாத்துக்குங்க லட்டுன்னு கேட்டேன். நாம ஜெயிச்சிட்டோம்னான். துன்னேன். நல்லாத்தான் இருந்திச்சி.”

இதைச் சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஜாமீனில் வந்த பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வழக்கு நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆறு பேரும் மலையிறங்கிப் போனார்கள். அது ஒரு புறம். மறுபுறம், ஊரில் துப்பாக்கி இல்லை. மறு ஆண்டு சாமை முற்றும் சமயத்தில் பன்றிகள் இறங்கின. தகரத்தைத் தட்டினார்கள், தீப்பந்தம் காட்டினார்கள். முதல் வாரம் பயந்த பன்றிகள் அதற்கடுத்த வாரம் பயப்படவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கொல்லை உழுது போட்டது போலக் கிடக்கும். மாமாவின் கொல்லை காட்டை ஒட்டியது. அவருக்கு ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. இரண்டு வாய்தாக்களுக்கு நடுவே மனைவியையும் கூட்டிக்கொண்டு குடகுக்குக் காப்பித் தோட்டக் கூலியாகப் போனார். போன இடத்தில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. மாமா தனியாகத் திரும்பி வந்தார்.

வந்த அன்று எங்கள் வாசலில் நின்று, உள்ளே வராமல், அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

“நீ கூப்ட. நான் வந்தேன். இப்போ நான் யாரக் கூப்புடறது மாப்ள?”

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊர்க் கவுண்டரும் செய்தி சொல்லும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் அப்பாவைத் திட்டவில்லை. சண்டையும் போடவில்லை. அடுத்த முறை பாதை அறுந்தபோது எங்கள் வாசலுக்கு வேறொருவர் வந்து “வூட்டுக்கு ஒரு ஆளு” என்றார். அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். பக்கத்தில் நின்று வேலை செய்ய யாரும் வரவில்லை.

வழக்கின் முடிவைப் பற்றித்தான் சித்தப்பா எழுத வேண்டாம் என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள், சித்தப்பா.

வக்கீல் நல்லவர். மலைக்காரர்கள் என்பதால் பாதிப் பணம்தான் கேட்டார். அவர் சொன்ன வழி சுலபமானது. துப்பாக்கிகள் காட்டில் கேட்பாரற்றுக் கிடந்தன, எங்களுடையவை அல்ல, எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் கைநாட்டு வைத்துவிட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர் அப்படியே சொன்னார்கள். மாமாவும் சொன்னார். அவர்கள் சொன்னதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஐவரையும் விட்டுவிட்டார்கள்.

அப்பாவின் முறை வந்தபோது அவர் சொன்னார்: “என்னுதுதாங்க. எங்கப்பன் வெச்சிட்டுப் போனது. நாட்டுக்கு ஆள் வேணும்னு கூப்டாங்க, கொண்ணாந்தேன்.” வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி மறுபடியும் கேட்டாராம், யோசித்துச் சொல் என்றாராம். அவரும் நல்லவர்தான் போலிருக்கிறது. இந்தக் கதையில் கெட்டவர் யார் என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா மறுபடியும் அதையே சொன்னார். வேலூர் ஜெயிலில் ஆறு மாதம் இருந்தார். வெளியே வரும்போது இருமல் வந்திருந்தது. அந்த இருமல் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

அந்த ஆறு மாதமும் கொல்லையை அம்மாதான் பார்த்தாள். ஊர் வேலைக்கு எங்கள் வீட்டின் பங்காக ஒரு படி தானியம் கொடுத்தாள். கணவன் உயிரோடு இருக்கும்போதே அந்தப் படியைக் கொண்டுபோய் வைப்பது எப்படி இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

தம்பி எட்டாம் வகுப்பு முடித்தான். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க மலையிலேயே ஆள் கிடையாது. பட்டாளத்துக்குரிய வயது வந்தபோது, வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போகிறேன் என்றான். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் மறுக்கவில்லை. நானே கூட்டிப் போகிறேன் என்று துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். அடுப்பின் முன்னால் இருந்த அம்மா திரும்பாமலேயே சொன்னாள்.

“ஒரு வாட்டி போயி லட்டு துன்னுட்டு வந்தது பத்தலியா? புள்ளைக்கும் ஒண்ணு வாங்கித் தரப் போறியா?”

அப்பா நின்றார். பிறகு சொன்னார்: “அன்னைக்கு எடம் தெரியாம பூட்டேன். இப்போ எடம் தெரியும்.”

அம்மா அடை சுட்டாள். அவளால் வேறு எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். மார்பு அளந்தார்கள், கண் பார்த்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். ஊருக்கு விசாரணை வரும், அது முடிந்ததும் தகவல் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். கூட்டத்துக்கு வெளியே வேலியோரம் காலை முதல் நின்றிருந்த அப்பா, தம்பி வெளியே வந்ததும் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாராம், மாட்டைத் தொட்டுப் பார்ப்பது போல. அன்று இருவரும் ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அது எங்கள் வீட்டில் பெரிய செய்தி.

விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் மலையேறி வந்தார். அப்பா அவருக்கு மோர் கொடுத்தார். வந்தவர், வீட்டில் யார் மீதாவது கேஸ் உண்டா என்று கேட்டார். அப்பா உண்டு என்றார். என்ன கேஸ் என்று கேட்டார். ஆயுத கேஸ் என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். தகவல் வரும் என்று காத்திருந்தோம். மழை வந்தது, சாமை விதைத்தோம், அறுத்தோம், தகவல் வரவில்லை. அந்த விசாரணையால்தான் வரவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. யாரும் எங்களுக்குக் காரணம் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் தம்பி வேறு காரணம் எதையும் நம்பவில்லை.

அவன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்குப் போகும் முன்பு அப்பாவிடம் கேட்டான். நான் அப்போது ஊரில் இருந்தேன், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தேன்.

“மத்தவங்க மாதிரி நீயும் இல்லன்னு சொல்லியிருந்தா இன்னாப்பா? ஒரு வார்த்தை.”

அப்பா நெடுநேரம் இருமினார். பிறகு சொன்னார்:

“நான் இல்லன்னு சொன்னா, அன்னைக்குப் போனது யாருடா?”

தம்பிக்கு அது பதிலாகப் படவில்லை. அன்று எனக்கும் படவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் தம்பியின் கையில் தோல் ஊறும் நாற்றம் இருக்காது. அப்பாவின் நெஞ்சு கெட்டிருக்காது. பெற்ற பிள்ளைகளைவிட அவருக்கு அந்த ஒரு நாள் பெரிதா? இப்போதும் சில நாட்கள் எனக்கு அப்படித் தோன்றும். சில நாட்கள், அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் அப்பா என்று நினைத்துக்கொள்ள எனக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்றும் தோன்றும். இரண்டும் மாறி மாறி வருகின்றன.

கடைசி மாதங்களில் அப்பாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் கலசப்பாக்கத்திலிருந்து போய்ப் போய் வந்தேன். அப்பாவிடம் இருக்கும்போது பிள்ளை சாப்பிட்டானா என்று இருக்கும். பிள்ளையிடம் இருக்கும்போது அப்பாவுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று இருக்கும். இரண்டு இடத்திலும் நான் முழுதாக இல்லை.

பக்கத்துக் கட்டிலில் அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கட்டை மீசையும் கனத்த குரலும் உள்ளவர். அவர் பேச்சுவாக்கில் அப்பாவைக் கேட்டார், நீங்களும் சர்வீஸா என்று.

“போனேன்ங்க. சேத்துக்கல,” என்றார் அப்பா.

அவர் விடாமல் கேட்கவே, அப்பா இருமலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னார். அடை கட்டிக்கொண்டு போனது வரை சொன்னார். அந்தப் பெரியவர் சிரிப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நான் சோத்துக்குப் போனேன்யா. எங்க ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான். நீ சோத்தக் கட்டிக்கினு போயிருக்க.”

அன்று மாலை நான் கஞ்சி கொடுத்தபோது அப்பா மறுக்காமல் முழுவதும் குடித்தார். பதினைந்து ஆண்டுகளில், நீ போனாய் என்று அவரிடம் சொன்ன ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். அதைக் கேட்க அப்பா நோயாளியாக அந்தக் கட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது.

அதன் பின் சில நாட்களில் அப்பா காலமானார்.

வண்டி அடிவாரம் வரைதான் வந்தது. அங்கிருந்து டோலி கட்டித் தூக்கிப் போக வேண்டும். என் கணவரும் தம்பியும் சித்தப்பாவும் இருந்தார்கள். மூன்று பேரால் அந்த ஏற்றத்தில் தூக்க முடியாது. ஊரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வராவிட்டால் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை என்பது மட்டும் தெரிந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற பதின்மூன்று வீட்டு ஆட்களும் இறங்கி வந்தார்கள். முன்னால் மாமா வந்தார். அன்று காலை அவரே வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னதாகப் பிறகு தெரிந்தது. டோலிக் கம்பின் முன் முனையில் தோள் கொடுத்தார். ஏற்றம் முழுவதும் அவர் தோள் மாற்றவில்லை. அம்மா அவர் காலடியில் விழப் போனபோது, “சாவுக்கு வந்தேன். அவ்ளோதான்,” என்று விலகினார். குழி மூடியதும் கை கழுவிக்கொண்டு நேராகப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அன்றும் தண்ணீர் குடிக்கவில்லை. வழக்கப்படி தன் சோற்றைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

என் மகன் இந்த ஆண்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறான். காலையில் கொடி ஏற்றும்போது சொல்லித் தரும் உறுதிமொழியை வீட்டிலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக் காட்டுகிறான். பெரியவனானால் பட்டாளத்துக்குப் போவேன் என்கிறான். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். என் கணவர் தட்டிக் கொடுக்கிறார். ஒரு நாள் அவனைக் கூப்பிட்டால், போ என்று சொல்ல எனக்கு வாய் வருமா? போகாதே என்று சொன்னால் நான் யாருடைய மகள்? அவனிடம் தாத்தாவைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுதினேன். வளர்ந்து அவனே படித்துக்கொள்ளட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்ட செவிலியருக்கும், பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும், பாதிக் கட்டணத்தில் வாதாடிய வக்கீல் ஐயாவுக்கும், நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்களில் என் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், இந்த மலருக்குப் பணம் அனுப்பிய தம்பிக்கும், எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதியதை அச்சகத்துக்குக் கொண்டுபோன சித்தப்பாவுக்கும், டோலி தூக்கிய பதின்மூன்று வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் அவர் வாங்கிக்கொள்ளமாட்டார். ஆகவே சொல்லவில்லை. சப்ஜெயிலில் லட்டு கொடுத்த காவலருக்கும் நன்றி. வாங்கித் தின்றவர் நல்லாத்தான் இருந்தது என்றார்.

அன்று சந்தையில் ஒலிபெருக்கியில் பேசிய அதிகாரியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. அன்று சாயங்காலமே அவர் அதை மறந்திருக்கலாம். இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அவருக்கு ஒரு தகவல்.

ஐயா, நீங்கள் கூப்பிட்டீர்கள். எங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தது.